நரம்பு மாத்திரை சாப்பிடும் முதியவர்: தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா?

முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரின் மாத்திரை டப்பாவில் ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் (மனச்சிதைவு மருந்துகள்), அல்பிரசோலம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும்), எஸ்சிட்டலோபிராம் (மனச்சோர்வுக்கு) என்று ஏதாவது இருந்தால், அவருக்கான பராமரிப்புத் திட்டம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். இதை இப்படியே தொடர்வதா, படிப்படியாகக் குறைப்பதா, வேறொன்றுக்கு மாற்றுவதா? காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகள் பலர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள். மாதம் பிறந்ததும் இல்லத்துப் பொறுப்பாளர் பழைய சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "அப்படியே வாங்கிக் கொடுத்துருங்க" என்று பதில் வரும். யாரும் உட்கார்ந்து யோசிக்காமலே "தொடர்வது" என்று முடிவாகிவிடும்.

இந்த வழிகளை ஒப்பிடும்போது நாங்கள் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று. ஒவ்வொரு மாத்திரைக்கு எதிரிலும் மூன்று விவரம் எழுதியிருக்க வேண்டும்: எந்தத் தொந்தரவுக்காக, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. மூன்றாவது விவரம் இல்லாத மாத்திரை ஆயுளுக்கும் ஓடும். இங்கே சொல்லும் அளவுகளெல்லாம் மருத்துவரோடு பேசும்போது கையில் இருக்க வேண்டிய விவரங்கள். அவரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எதற்காகத் தொடங்கியது?

ஒரே ரிஸ்பெரிடோனை இரண்டு பேர் சாப்பிடலாம், இருவருக்கும் முடிவு நேரெதிராக இருக்கலாம். முப்பது வயதிலிருந்து மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்து, அதனாலேயே நல்லபடியாக இருந்துவரும் ஐயாவுக்குத் தொடர்வதுதான் சரி. வயதுக்கேற்ப அளவைக் குறைக்கலாம், ஆனால் நிறுத்தினால் பழைய நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். இருதுருவ நோய்க்கு லித்தியமோ வால்புரோயேட்டோ எடுப்பவருக்கும் இதே நிலைதான்.

எண்பது வயதில் மறதிநோய் வந்து, சாயங்காலமானால் கத்துகிறார், கை ஓங்குகிறார் என்று ரிஸ்பெரிடோன் தொடங்கப்பட்ட ஆச்சியின் கதை வேறு. மறதிநோய் உள்ள முதியவர்களிடம் இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-ல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. பதினேழு ஆய்வுகளை வைத்துப் பார்த்ததில் அபாயம் சுமார் 1.6 முதல் 1.7 மடங்கு. வழக்கமான பத்து வார ஆய்வொன்றில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேர் இறந்தால், மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள். இதய நோயும் நிமோனியாவும் முக்கியக் காரணங்கள். 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. பக்கவாத அபாயம் தனி. ஆகவே இவருக்கு மருந்து என்பது குறுகிய காலத்துக்கு, தேதி போட்டுக் கொடுப்பது.

மனச்சோர்வு இவ்விரண்டுக்கும் நடுவில் வரும். முதல் முறை வந்து குணமானவருக்கு, குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்து வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவருக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். தூக்க மாத்திரைக்கு அப்படி நீண்ட கால நியாயம் அனேகமாகக் கிடையாது.

பழைய சீட்டு கிடைக்கவில்லை, எதற்காகத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை என்றால், ஊரிலிருக்கும் பங்காளி வீட்டிலோ பழைய மருத்துவரிடமோ விசாரிப்பதுதான் முதல் வேலை. நாற்பது வருடத்துக்கு முன் ஏர்வாடிக்கோ மதுரைக்கோ கூட்டிப்போன சேதியைக் குடும்பத்தில் வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள். அந்த ஒரு சேதி முடிவையே மாற்றிவிடும்.

தொடர்வது: எதைச் சேர்த்துச் செய்ய வேண்டும்

தொடர்வது சும்மா இருப்பது மாதிரித் தெரியும். உண்மையில் வேலை அதிகமுள்ள வழி இதுதான். கண்காணிப்பு இல்லாமல் தொடர்வதை நாங்கள் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியபின் வகைக்கு மாதம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். ஒரே தராசு, ஒரே நேரம், காலை ஆகாரத்துக்கு முன். ஓலன்சபின் எடுப்பவருக்கு எடையும் சர்க்கரையும் ஏறும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதிரசம், மணகோலம், சீயம் என்று டப்பா டப்பாவாக வைத்துவிட்டுப் போகும் ஊர் இது. பலகாரத்தை அடியோடு நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. டப்பா அறைக்குள் போகாமல் இல்லத்துச் சமையலறைக்குப் போய், அளவாக எடுத்துக் கொடுக்கப்பட்டால் போதும். மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி ஆகியவை தொடக்கத்தில் ஒரு முறையும் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் வேண்டும். ஈசிஜியில் க்யூடிசி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எடுக்கும் நேரம்) 500 மில்லிவினாடியைத் தாண்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒரு முறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவர் விழப்போகிறவர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இது தெரியாது, பல இடங்களில் அப்படித்தான் பார்க்கிறார்கள். பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் இல்லம் என்றால் இன்னும் கவனம் தேவை. நிலைப்படி உயரம், வளவைச் சுற்றி ஏற்ற இறக்கம், வழவழவென்ற ஆத்தங்குடிக் கல், பின்கட்டில் கழிப்பறை. இரவு மாத்திரை போட்டவர் இரண்டு மணிக்கு எழுந்து அந்த வழியில் நடக்கிறார். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் விளக்கும், நிலைப்படிக்குச் சாய்தளமும், பட்டாலைத் தூணை ஒட்டிப் பிடிமானக் கம்பியும் போடுவது மருந்துத் திட்டத்தைச் சேர்ந்த வேலைதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாய், நாக்கு, விரல்களில் தானாக வரும் அசைவுகளைப் பார்க்க வேண்டும். பல் இல்லாமலே மென்றுகொண்டிருப்பது, நாக்கைத் துருத்துவது, உதட்டைச் சப்புவது. "வயசானா அப்படித்தான்" என்று விட்டால் அது நிலைத்துப்போகும்.

லித்தியம் எடுப்பவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் வெயிலுக்கும் அதற்கும் ஆகாது. ரத்தத்தில் அதன் அளவை, கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் அந்த எண் பயனற்றது. முதியவருக்கு லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிமோல் வரை பொதுவாகப் போதுமான அளவு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளவும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் தைராய்டும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் உடம்பில் நீர் குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்தாலோ, பிபிக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்த்தாலோ அளவு ஏறிவிடும். சஷ்டி விரதம், ஏகாதசி என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் திட்டத்தில் எழுத வேண்டும். கை நடுக்கம் முரடாவது, நாக்கு குழறுவது, நடை தள்ளாடுவது, பேதி ஆகியவை விஷ அறிகுறிகள். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம் வகைக்கு முதியவரிடம் வரும் பெரிய கோளாறு ரத்தத்தில் சோடியம் இறங்குவது. தொடங்கி அல்லது கூட்டி இரண்டு வாரத்தில் ஒரு முறை சோடியம் பார்த்தாக வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் கலந்த பிபி மாத்திரையோடு சேர்ந்தால் இந்த அபாயம் கூடும். சோடியம் இறங்கியவர் சோர்ந்து, குழம்பி, தடுமாறி விழுவார். பார்ப்பவர்கள் "மறதி முத்திவிட்டது" என்பார்கள். முதியவருக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு.

எந்த மனச்சிதைவு மருந்திலும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம், வியர்வை நான்கும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான எதிர்வினையாக இருக்கலாம். கோடையில் இதை வெயில் தாக்கியது என்று நினைத்து ஈரத்துணி போட்டு நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். வெயில் தாக்குதலே ஆனாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

குறைப்பது: மறதிநோய்க்காரருக்கு இதுவே முதல் தேர்வு

மறதிநோயில் முரட்டு நடத்தைக்காகத் தொடங்கிய மருந்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. போதுமான அளவில் நான்கு வாரம் கொடுத்தும் பலன் தெரியவில்லை என்றால் குறைத்து நிறுத்திவிட வேண்டும். பலன் தெரிந்திருந்தாலும், தொடங்கிய நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைக்கும்போது மாதம் ஒரு முறையாவது, நிறுத்திய பிறகு நான்கு மாதம் வரை, அவரைப் பார்த்து வர வேண்டும். அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் முதல் வருடத்தில் இரண்டு முறை குறைத்துப் பார்ப்பது விதி. முடியாது என்றால் மருத்துவர் காரணம் எழுத வேண்டும். நம் ஊரில் அப்படிக் கேட்க ஆளில்லை, அதனால் இல்லமே தனக்கு அந்த விதியைப் போட்டுக்கொள்வது நல்லது.

குறைக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் குறிப்பு எடுக்க வேண்டும். "ரகளை பண்றாங்க" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, அவர் சரியாக என்ன செய்தார், எவ்வளவு நேரம் நீடித்தது, யார் என்ன செய்ததும் அடங்கியது. உதாரணமாக: "மாலை 5.40, குளிக்கக் கூப்பிட்டபோது, தள்ளிவிட்டார், மூன்று நிமிடம், விட்டுவிட்டு அரை மணி கழித்துக் கூப்பிட்டதும் வந்தார்." இப்படி ஏழு நாள் எழுதினால் வாரத்துக்கு எத்தனை முறை என்ற எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் குறைத்தால், முதல் சத்தத்திலேயே "பழையபடி ஆரம்பிச்சிட்டாங்க" என்று மருந்தைத் திரும்பக் கூட்டிவிடுவார்கள்.

ஒரு ஆச்சிக்கு இரவு ரிஸ்பெரிடோன் 1 மில்லிகிராம், ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மில்லிகிராம் இரண்டு வேளை, இரவு அல்பிரசோலம் 0.5 என்று சீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது நம் பக்கத்தில் அடிக்கடி காணும் கூட்டு. மூன்றையும் ஒன்றாகக் குறைக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்து. இல்லாவிட்டால் எது கோளாறு செய்தது என்று தெரியாது.

எதை முதலில் தொடுவது? ஆச்சிக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் அதிகமாக இருந்தால் மருத்துவர் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலை முதலில் இறக்குவார். மூளையில் மறதிநோய் எந்த ரசாயனத்தைக் குறைக்கிறதோ அதையே இந்த மாத்திரையும் தடுக்கிறது. மறதிநோய் மருந்தான டோனெபெசில் ஒரு கையில் கொடுப்பதை இது மறு கையில் பிடுங்கிக்கொள்ளும். ரிஸ்பெரிடோனால் வரும் விறைப்பைத் தடுக்க "எதுக்கும் இருக்கட்டும்" என்று சேர்த்தது, மூன்று மாதத்துக்குப் பிறகு பலருக்குத் தேவைப்படுவதே இல்லை. அந்தத் தொந்தரவுகள் இல்லாவிட்டால் ரிஸ்பெரிடோனை முதலில் குறைத்து, விறைப்புக்கான காரணத்தையே நீக்கிவிட்டுப் பிறகு இதை வாரக்கணக்கில் மெல்ல எடுப்பது நல்லது. இரண்டு வரிசையும் சரிதான், தேர்வு ஆச்சியின் உடம்பைப் பொறுத்தது.

ரிஸ்பெரிடோனை 1-லிருந்து 0.75, பிறகு 0.5, பிறகு 0.25, பிறகு நிறுத்தம் என்று ஒவ்வொரு படிக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் கொடுக்கலாம். 0.75-ஐயும் 0.25-ஐயும் மாத்திரையை உடைத்துத் துல்லியமாக எடுப்பது கஷ்டம். ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் உள்ள திரவ மருந்து கிடைக்கிறது. அதை 1 மில்லி சிரிஞ்சில் எடுத்தால் கால் மில்லிகூடச் சரியாக வரும். டீஸ்பூனால் அளக்கவே கூடாது.

அல்பிரசோலத்தைத் தடாலென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் என்பது பொதுவான வேகம். 0.25 மாத்திரையும் அதன் பாதியும் வைத்து 0.5, 0.375, 0.25, 0.125 என்று இறங்கலாம். சதவீதக் கணக்கில் கடைசிப் படிகள்தான் பெரிய குறைப்பு, அதனால் அங்கே இன்னும் மெதுவாகப் போக வேண்டும். தூக்கம் குறைவது, நடுக்கம், வியர்வை, படபடப்பு சில நாள் இருக்கும். கடைக்காரரிடம் சீட்டில்லாமல் வாங்கி இடையில் ஒன்று கொடுத்தால் எல்லாம் கெடும். அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எஸ்ஆர், சிஆர், ஈஆர் என்று பெயரில் வரும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். அறை மாறும் வாரம், பழகிய உதவியாளர் விலகிய வாரம், பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வீடு நிறைய ஆட்கள் வந்துபோகும் வாரம், காய்ச்சல் வந்த வாரம் எதிலும் குறைப்பைத் தொடங்க வேண்டாம். தை, மாசியில் தொடங்கினால் கடும் கோடைக்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

தொந்தரவு திரும்பினால்? குறைத்த சில நாளில் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்குவது மருந்து விலகும்போது வரும் ஆட்டம். வாரங்கள் கழித்து, பழைய எண்ணிக்கையைத் தொட்டு, குறையாமல் நிற்பது நோயே திரும்பியது. முதலாவதற்குக் காத்திருக்கலாம். இரண்டாவதற்கு முந்தைய படிக்குத் திரும்பி, சில மாதம் கழித்து மறுபடி முயலலாம். அடியிலிருந்து ஏறத் தேவையில்லை. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்டுப் பயந்தவர்கள், முன்பு மிகக் கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடர்வதைத் தோல்வியாக எண்ணக் கூடாது.

மாற்றுவது

இது சில இடங்களில் மட்டும் சரி. பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு, அல்லது லூயி பாடி மறதிநோய் (மாயத்தோற்றமும் விறைப்பும் சேர்ந்து வரும் வகை) என்று சந்தேகம் உள்ளவருக்கு ஹாலோபெரிடாலும் ரிஸ்பெரிடோனும் உடம்பை மரக்கட்டையாக்கிவிடும். அங்கே மருந்து தேவையே என்றால் குறைந்த அளவு குவெட்டியபின் பக்கம் போவார்கள். இரவில் அமிட்ரிப்டிலின் எடுப்பவர், சளிக்கென்று புரோமெத்தசின் சேர்ந்தவர், இவர்களுக்கும் மாற்று தேட வேண்டும், ஏனென்றால் இவையும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போலவே மூளையின் அதே ரசாயனத்தைத் தடுப்பவை. தலைசுற்றலுக்கென்று வருடக்கணக்கில் ஓடும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின் மாத்திரைகளை யாரும் மனநல மருந்தாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவையும் கை நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும், பிறகு அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை வரும். மாற்றுவதற்கு முன் அந்த நடுக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் பல நேரம் மாற்றமே தேவைப்படாது.

ஒரு தூக்க மாத்திரைக்குப் பதில் இன்னொரு தூக்க மாத்திரை என்பதை நாங்கள் மாற்றமாக எண்ணுவதில்லை.

மருந்தில்லா வழி முதலில்

புதிதாக ஒரு தொந்தரவு தொடங்கும்போதுதான் இந்தத் தேர்வு எழுகிறது. இல்லத்திலிருந்து "ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்கும் முன் ஒரு நாள் செலவழித்துப் பார்க்க வேண்டியவை உண்டு. திடீரென்று இரண்டு மூன்று நாளில் வந்த குழப்பம் என்றால் உடம்பில்தான் காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றல், சர்க்கரை இறங்குவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை. மூன்று நாள் மலம் போகாதவர் கத்துவதை மனநோய் என்று எழுதிவிடுகிறார்கள்.

வலியைச் சொல்லத் தெரியாதவர் கையை ஓங்கிச் சொல்வார். மூச்சு, முனகல், முகம், உடம்பு இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிடும் முறை உண்டு. சந்தேகம் இருந்தால் பாராசிட்டமாலை நேரத்துக்கு நேரம், ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல், ஓரிரு வாரம் கொடுத்துப் பார்க்க மருத்துவரைக் கேட்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் மெலிந்தவருக்கும் அளவு இன்னும் குறைய வேண்டும்.

சில தொந்தரவுகளுக்கு மருந்து வேலையே செய்யாது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றிச் சுற்றி நடப்பது, கேட்டதையே கேட்பது, பொருளை மறைத்து வைப்பது, குளிக்க மறுப்பது ஆகியவற்றுக்கு ரிஸ்பெரிடோன் கொடுத்தால் தொந்தரவு போகாது, ஆள்தான் மயங்கிக் கிடப்பார். தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தும் வன்முறை, அவரை வதைக்கும் மாயத்தோற்றம், பயம் ஆகியவற்றுக்குத்தான் மருந்து. அப்போதும் 0.25 மில்லிகிராமில் தொடங்கலாம்.

மலேயாவில் கடை பார்த்து வந்த ஐயா ஒருவர் ஐந்து மணியானால் "பெட்டியை அடைக்கணும், கணக்கு முடியல" என்று கதவைத் தட்டுகிறார் என்றால், அவருக்கு ஒரு பேரேடும் பேனாவும் கொடுத்து நாலரை மணிக்கே உட்கார வைப்பது செய்து பார்க்க வேண்டிய திட்டம். ஆச்சிமாருக்குப் பயறு ஆய்வது, பூத் தொடுப்பது, கொட்டான் முடைவது, பல்லாங்குழி. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே வளவு விளக்குகளைப் போட்டுவிடுவது நிழல் பயத்தைக் குறைக்கும். காது மெஷின் பேட்டரி, கண்ணாடி, பல்செட் மூன்றும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது எந்த மாத்திரையைவிடவும் மலிவு.

இந்த வழியின் பெரிய பலவீனம் ஆள் பலம். இரவில் ஒருவரே இருபது பேரைப் பார்க்கும் இல்லத்தில் இரண்டு பேர் விழித்திருந்தால் அந்த உதவியாளர் மாத்திரைதான் கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள், அதுதான் மருந்தளவைத் தீர்மானிக்கிறது. மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூடக் கேட்டாலும் ஆள் இருக்கும் இல்லமே நல்லது.

நேரத்துக்குக் கொடுப்பதா, தேவைப்படும்போதா

"தேவைப்பட்டால் ஒன்று" என்று எழுதிய சீட்டு மிக ஆபத்தானது, ஏனென்றால் தேவையை முடிவு செய்வது அந்த நேரத்தில் களைத்திருப்பவர். அமெரிக்க விதியில் இப்படி எழுதும் மனநல மருந்துக்குப் பதினான்கு நாள் வரம்பு உண்டு. மனச்சிதைவு மருந்து என்றால் மருத்துவர் நேரில் பார்க்காமல் அதற்கு மேல் நீட்ட முடியாது. இங்கேயும் அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த நடத்தைக்கு, முதலில் என்னென்ன செய்து பார்த்த பிறகு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, எந்தத் தேதி வரை என்று சீட்டிலேயே வாங்குங்கள். கொடுத்த ஒவ்வொரு முறையும் நேரமும் காரணமும் ஒரு மணி நேரம் கழித்து நிலையும் எழுதப்பட வேண்டும்.

எங்கே காட்டுவது

மதுரைக்குக் கூட்டிப்போவது ஒரு வழி. காரைக்குடியிலிருந்து போக இரண்டு மணி நேரம், காத்திருப்பு, திரும்பி வர இரண்டு மணி நேரம். மறதிநோய்க்காரருக்கு அந்த ஒரு நாளே ஒரு வாரக் குழப்பத்தைத் தரும். முதல் மதிப்பீட்டுக்கும் ஸ்கேனுக்கும் போகலாம், மாதாமாதம் வேண்டாம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நடுவழி. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று விசாரித்து வைப்பது தொடர் பார்வைக்கு மிக வசதி. வீடியோ அழைப்பில் பார்ப்பது குறைப்புக் கால மேற்பார்வைக்கு நன்றாகவே உதவும், ஏழு நாள் குறிப்பும் பிபி எண்ணும் கையில் இருந்தால். ஆனால் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளைத் தொலைவழியில் எழுத 2020-ல் வந்த டெலிமெடிசின் நெறிமுறைகள் தடை விதித்தன. அல்பிரசோலம் போன்றவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசர மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567.

யாருடைய சம்மதம்

முதலில் அவருடையது. மறதி இருந்தாலும் "இந்த மாத்திரை போட்டா மயக்கமா இருக்கு" என்று சொல்லும் திறன் கடைசி வரை பலருக்கும் இருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நினைவு தெளிவாக இருக்கும்போதே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. நான்கு பிள்ளைகளில் யார் என்பதை அவரே எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் சிங்கப்பூர் அண்ணனுக்கும் சென்னைத் தங்கைக்கும் வரும் இழுபறி இல்லத்துக்காரர் தலையில் விழாது.

இட்லியில் பொடித்து மறைத்துக் கொடுப்பதைச் சாதாரண வேலையாகச் செய்கிறார்கள். முதலில், ஏன் மறுக்கிறார் என்று பார்க்க வேண்டும். கசப்பு, விழுங்க முடியாமை, வாய்ப்புண் இவையாக இருந்தால் திரவ மருந்தோ வாயில் கரையும் மாத்திரையோ போதும். வேறு வழியே இல்லை என்றால் மருத்துவர், நியமிக்கப்பட்டவர், மருந்தாளுநர் மூவரும் பேசி, எந்த மருந்து, எதில் கலப்பது, எந்தத் தேதி வரை என்று எழுதிய பிறகே செய்யலாம். உணவில் பாதியை மீதி வைத்தால் மருந்தும் பாதிதான் போயிருக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாள்

இடுப்பு எலும்பு முறிவுக்கோ நிமோனியாவுக்கோ மதுரையில் சேர்த்தபோது, நடு இரவில் குழம்பிக் குழாயைப் பிடுங்கினார் என்று ஹாலோபெரிடால் தொடங்கியிருப்பார்கள். அந்தக் குழப்பம் தொற்று அடங்கியதும் போய்விடும், மாத்திரை மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் தங்கிவிடும். திரும்பி வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பழைய பட்டியலையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாகச் சேர்ந்தது எது, விட்டுப்போனது எது, ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய மனநல மாத்திரை ஒவ்வொன்றுக்கும் "இது எத்தனை நாளைக்கு?" என்று அந்த வார்டு மருத்துவரிடமே டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டு, பதிலைச் சீட்டில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் கிடைக்க மாட்டார்கள்.